குசினியில் அணைத்தால் மெசினில் இருட்டு

பாலையூற்றுக் கமலாதேவிக்கு இரண்டு விஷயங்களில் பெயர். ஒன்று, அவள் போட்ட தையல் பிரியாது. மற்றது, அவள் வாய் ஓயாது. இரண்டாவதற்கு அவளை மட்டும் குறை சொல்லக்கூடாது, புருஷன் பாக்கியரத்தினத்துக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

வீட்டுக்குக் கறண்ட் வந்தபோது கூடத்தில் ஒரே ஒரு பல்ப்தான். சமைக்கிற குசினிக்கும் தையல் மெசினுக்கும் தானே போடுவதாகச் சொல்லி மனிசன் ஏணியில் ஏறினார். சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருசாவருசம் சரவிளக்குக் கட்டுகிறவர் அல்லவா. அங்கே ஒரே வயரில் பல்ப்புக்குப் பின் பல்ப்பாகக் கோத்துக்கொண்டே போவார்கள். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வீட்டையும் அப்படியே கோத்து வைத்தார்.

மூன்றும் எரிந்தன. எரிந்தன என்று சொல்வதே பொய், அணையப்போகிற அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து நின்றன. கோயில் சரத்தில் தொங்குவது குட்டிப் பல்ப்புகள், கறண்டின் பலத்தைப் பங்கு போட்டாலும் அவற்றுக்குப் போதும். வீட்டுப் பல்ப் ஒவ்வொன்றும் முழுப் பலத்தையும் கேட்கும்.

அதைவிடப் பெரிய கரைச்சல், கூட இருந்த மச்சாள், புருஷனின் அக்கா இரத்தினேஸ்வரி. குசினியை விட்டு வெளியே வரும்போதெல்லாம் சுவிச்சை அணைத்துவிடுவாள். கறண்ட் போக இருந்ததோ ஒரே வழி. அது குசினியில் அறுந்தால் கூடமும் மெசினும் சேர்ந்து இருண்டுபோகும்.

"மச்சாள், அதை நூர்க்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"ஆளில்லாத இடத்தில விளக்கென்னத்துக்கு, பிள்ளை?"

அன்றைக்கு விடியத் தொடங்கின மழை, பின்னேரமாகியும் விடவில்லை. கடலுக்கு அக்கரை மூதூரிலிருந்து துணி தரும் றுக்கியாவின் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் சட்டை மறுநாள் காலை லாஞ்சிப் படகில் போயாக வேண்டும், கைகளுக்குச் சரிகைக் கரை வைப்பது இன்னும் பாக்கி. சட்டை போகாவிட்டால் அந்தப் பிள்ளை எதை உடுத்தும்? பிறகு மூதூரில் யார் கமலாதேவியை நம்பித் துணி கொடுப்பார்கள்?

"எனக்குக் கண் தெரியேல்லையப்பா" என்றாள் புருஷனிடம்.

அவர் நனைந்துகொண்டே போய்ப் பெரிய பல்ப் ஒன்று வாங்கிவந்து மெசினுக்கு மேலே பூட்டினார். அது முந்தியதைவிட மங்கிப்போனது. கூடத்திலும் குசினியிலும் இருந்த சின்னதுகள்தான் கொஞ்சம் தெளிந்தன.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

"ஓம், கோத்தது கடைக்காரன்தானே."

மனிசன் மறுபடி ஏணியில் ஏறி வயரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மச்சாள் குசினியை அணைத்தாள். இருட்டில் சரிகையின் மேல் தையல் கோணி ஓடியது. கமலாதேவி எழுந்துபோய்க் குசினிச் சுவிச்சை மறுபடி போட்டுவிட்டு வந்து ஏணியடியில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, இந்த மூண்டாம் படி எப்ப முறிஞ்சது?"

"போன வருசம். இப்ப அதுக்கென்ன?"

"அது இல்லாமலும் மற்றப் படியெல்லாம் நிக்குது, நீங்களும் மேல நிக்கிறியள். ஒவ்வொரு படியும் ரெண்டு பக்கத்து மரத்தையும் தனித்தனியாப் பிடிச்சிருக்கு. ஒண்டைப் பிடிச்சு ஒண்டு தொங்கேல்ல. உங்கட பல்ப்பை அப்பிடிப் போட ஏலாதோ?"

பாக்கியரத்தினம் காலடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இறங்கிப்போய் மெயின் சுவிச்சை அணைத்தார். ஏணியின் இரண்டு மரம்போல இரண்டு வயரை வீட்டு நீளத்துக்கு இழுத்தார். இந்த வயரிலிருந்து அந்த வயருக்கு ஒவ்வொரு பல்ப்பையும் தனித்தனியே பூட்டினார், சுவிச்சும் தனித்தனி.

மெயினைப் போட்டதும் வீட்டிலிருந்த ஒட்டறை முழுவதும் தெரிந்தது. கோணிய தையலும் தெரிந்தது. கமலாதேவி அதைப் பிரித்து மறுபடி தைக்க உட்கார்ந்தாள்.

மச்சாள் குசினியை அணைத்துவிட்டு வந்தாள். மெசின் நிற்கவில்லை. வழக்கமான ஏச்சுக்காக வாசலிலேயே கொஞ்சம் நின்று பார்த்தாள்.

"என்ன பிள்ளை, ஒண்டும் சொல்லேல்ல?"

"சொல்ல நேரமில்லை மச்சாள்."

சட்டை முடிந்தது. அதைக் கடதாசியில் சுற்றும்போது பாக்கியரத்தினம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"கோயில் சரத்தையும் இனி ஏணி மாதிரிக் கட்டினால் என்ன?"

"அந்தக் குட்டிப் பல்ப்புகள் முழுக் கறண்டையும் தாங்குமோ? அம்மனுக்கு முன்னால எல்லாத்தையும் வெடிக்க வைக்கப்போறியளோ? காலைல இதைக் கொண்டுபோய் லாஞ்சியில குடுத்திட்டு, ஒண்டையும் கோக்காமல் நேரா வீட்டை வாங்கோ."