செல்லாயி சொல்ல மறுத்த வாக்கியம்

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் கறம்பக்குடி பஸ் வழக்கம்போல் தாமதமாக வந்த அன்று, முதல் மணி அடித்த பிறகு, செல்லாயியின் அத்தை அதிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "நம்ம செல்லாயி போயிருச்சுத்தா," என்றார். ஊரில் காய்ச்சலாகப் படுத்தவளை டாக்டரிடம் கொண்டுவர வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. நம் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னபோதும் அந்தக் கோபம் தணியவில்லை. அவள் பக்கத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

அவள் வந்து சேர்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நம்மைவிட வயதில் மூத்தவள், வகுப்பிலேயே உயரமானவள். கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியவளை, இங்கிலீஷ் வரவில்லை என்பதற்காக முதல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரவைத்தார் டீச்சர். பின்னால் இருந்தவர்களுக்குக் கரும்பலகை தெரியாமல் போனது. அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் இவளுக்கு இங்கிலீசு சொல்லித் தாரியா? இம்புட்டுக்காணு இருக்க. சரி, பாஸானா படிக்கட்டும். பெயிலானா நடவுக்கு ஆளு வேணும், கூட்டிட்டுப் போயிருவேன்."

அவளுக்குப் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக வேண்டும் என்று ஆசை. அதற்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்தப் பரீட்சை அவளுக்கு விளையாட்டுக் காரியம் இல்லை.

பெரியது, அதைவிடப் பெரியது, எல்லாவற்றையும்விடப் பெரியது என்று மூன்றுக்கும் இங்கிலீஷில் வெவ்வேறு உருவம் இருப்பது அவளுக்கு முதலில் அநியாயமாகப் பட்டது. "பெருசு பெருசுதானே புள்ள, அதுக்கு எதுக்கு வாலு?" என்பாள். 'மோர் பிக்கர்' என்று ஒரு மாதம் சொன்னாள். "பிக்கரிலேயே எல்லாம் இருக்கிறது, இன்னும் மோர் ஊற்றாதே," என்று டீச்சர் சொன்ன நாளில் நீங்கள் மேஜையில் தட்டிச் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு தவறவே இல்லை. செங்கல்லையும் சிலேட்டையும், புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியான இடைவேளை முழுவதும் பிக்கர், ஸ்மாலர் என்று மழையாகப் பொழிந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பசுவும் கன்றும் உள்ள பாடம் வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. ஒரு கன்று இன்னொரு கன்றைவிடப் பெரியது என்று சொல்ல வேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"தெரியலையா?"

"தெரியும்."

"பின்னே சொல்லேன்."

"உசுரு உள்ளத அப்படி ஒண்ணோட ஒண்ணு வச்சு அளக்கக்கூடாது புள்ள. கண்ணு பட்டுரும்."

"இது படம், செல்லாயி. அச்சுப் போட்ட படம்."

"பாத்துத்தானே வரஞ்சிருப்பான்? யாரு வீட்டுக் கன்னுக்குட்டியோ. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு."

சீமையில் அச்சான புத்தகத்தின் கன்றுக்குக் கறம்பக்குடிப் பெண்ணின் கண் எப்படிப் படும் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். அவள் அசையவில்லை. செங்கல் என்றால் சரி. சுவர் என்றால் சரி. மூச்சு விடுகிற எதையும் எதனோடும் ஒப்பிட மாட்டாள்.

தை மாதம் நான் அவளோடு அவள் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அந்தப் பிடிவாதம் எங்கே விளைந்தது என்று தெரிந்தது. களத்தில் இரண்டு நெல் குவியல்கள் கிடந்தன. புத்தகப் பழக்கத்தில் நான் சத்தமாக, "இது அதைவிடப் பெரிசு," என்றேன். தூற்றிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. அவள் அப்பா ஒரு சாணி உருண்டையில் அறுகம்புல் செருகி, கண் படாமல் இருக்க நான் காட்டிய குவியலின் தலையில் வைத்தார். அளக்கும்போதுகூட முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணவில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்கினார். செல்லாயி என்னை அங்கிட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒனக்கு வாயி சும்மா இருக்காதா? என் தம்பியத் தெரியுமா ஒனக்கு?"

"உனக்குத் தம்பி ஏது?"

"இருந்தான். அவன் வயசுப் புள்ளையோட நிக்க வச்சு, இவன் அவனவிட எம்புட்டுப் பெருசுன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போனா. ஆடிக்குள்ள போயிட்டான்."

அது ஏதாவது நோயாக இருந்திருக்கும் என்றேன். "இருக்கும்," என்றாள். அவளோடு வாதாடுவதில் இதுதான் பெரிய தொல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வாள், ஒன்றையும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

வருஷக் கடைசியில் வாய்மொழிப் பரீட்சை வைக்க வெளியூர் அம்மாள் ஒருவர் வந்தார். செல்லாயியைக் கூப்பிட்டார். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று, முதல் பெஞ்சில் கைக்கு எட்டிய என்னையும் எழுப்பினார். என் தலை அவள் தோளுக்குக் கீழே இருந்தது. உங்கள் இருவரில் யார் உயரம், இங்கிலீஷில் முழு வாக்கியமாகச் சொல் என்றார். இதைவிட எளிய கேள்வி உலகத்தில் இல்லை. நான் கண்ணைக் காட்டினேன். காலை மிதித்தேன். அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தெளிவாகச் சொன்னாள்:

"ஷீ இஸ் நாட் ஸ்மால்."

ஒப்பிட்டுச் சொல் என்றார் அந்த அம்மாள். செல்லாயி கொஞ்சம் யோசித்தாள். "ஷீ வில் பி பிக்," என்றாள்.

நீங்கள் சிரித்தீர்கள். அந்த அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? தெரிஞ்சதைச் சொல்லாம நின்னியே, உன் நர்ஸ் வேலை என்ன ஆகும்?"

"நீயே வாரத்துக்கு ரெண்டு நாளு குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து குடிச்சுக்கிட்டுத் திரியிற. ஒனக்கு முன்னாடிப் பொறந்த புள்ளையும் நிக்கலைன்னு ஒங்க அம்மா சொன்னாக. ஒன்னப் போயி அளக்கச் சொன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுதான். அதுக்காக?"

அவள் பெயிலானாள். அப்பா சொன்னபடியே வந்து கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஏறும்போதுகூட அவள் முகத்தில் பெரிய வருத்தம் இல்லை. "ரொம்ப வெயில்ல நிக்காத. வாரேன்," என்றாள். அவள் திரும்ப வரவில்லை.

அத்தை அன்று போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். காய்ச்சலில் கிடந்தபோதும் என்னைப் பற்றிக் கேட்டாளாம். "அந்தச் சின்னப் புள்ள வளந்துச்சா அத்தைன்னா. நான் எதச் சொல்ல? நீதான் பொழுதுக்கும் பள்ளிக்கூடத்துல இருக்க, நான் எங்க ஒன்னப் பாத்தேன்," என்றார்.

வளர்ந்திருக்கிறேன். பாவாடையின் மடிப்பைப் பிரித்துத் தைத்தாயிற்று. டிரில் வகுப்பில் உயர வரிசையில் முதலில் நின்றவள் இப்போது நடுவில் நிற்கிறேன், நீங்களே பார்க்கிறீர்கள். இது அவள் வாயைக் கட்டிக்கொண்டதால் நடந்தது என்று நான் நம்ப மாட்டேன். அவளிடம் அப்படியே சொல்லியும் இருப்பேன். அவளும் "இருக்கும்" என்றிருப்பாள்.

மார்க்கு வாங்காத அந்த இரண்டு இங்கிலீஷ் வாக்கியங்களைத்தான் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரு பிழைகூட இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. நீதான் உயரம், செல்லாயி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற அன்று ஊருக்கே தெரிந்த விஷயம் அது. சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.