மகன் கப்பலில், இரைச்சல் வீட்டில்

கிடார் பதிவு செய்யும் தொழிலில் பாட்டைப் பிடிப்பது சுலபம். பாட்டுக்கு அடியில் படுத்துக்கிடக்கிற இரைச்சலை எழுப்பி வெளியே அனுப்புவதுதான் பாடு. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஃபேனை நிறுத்து, லைட்டை அணை என்று உங்களை வியர்க்க வைக்கிறதா? அப்படியானால் நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். தொழில் என் மகன் ரோஷனுடையது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டர், மைக், ஸ்பீக்கர் எல்லாம் வைத்து, மாதா கோயில் பாட்டுக்காரர்களுக்கும் கச்சேரிக்காரர்களுக்கும் பதிவு செய்துகொடுத்தான். பிறகு கப்பல் வேலை கிடைத்துப் போய்விட்டான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்க வீட்டுக்காரர் அந்த அறையைக் கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விடலாம் என்றார். நான் கெஞ்சினேன். கடலில் பழகிவிட்டவன் கரையிறங்க வேண்டுமென்றால் கரையில் அவனுக்கென்று ஒரு இடம் இருக்க வேண்டாமா? சரி, நடத்து என்றவர், சத்தம் சரியில்லை என்று ரெண்டு பேர் திரும்பிப் போனால் பூட்டிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். அதனால் இரைச்சல் என்றால் எனக்கு வெறும் இரைச்சல் இல்லை. என் மகன் திரும்பி வருகிற வழியில் யாரோ போட்டுவைத்த முள்.

ஃபேனும் மீனும்

முதலில் வந்தவன் மாப்பிள்ளையூரணிப் பையன், கோயில் பாடகர் குழுவில் வாசிப்பவன். கிடார் கம்பியை அவன் தொடும் முன்பே ஸ்பீக்கரில் 'ங்ம்ம்ம்' என்று ஒரு முனகல், தேன்கூட்டில் காதை வைத்த மாதிரி. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். டியூப் லைட்டை அணைத்தால் கொஞ்சம் குறைந்தது. ஃபேன் ரெகுலேட்டரை மூடினால் இன்னும் கொஞ்சம். பிரிட்ஜையும் நிறுத்தினேன். உள்ளே வீட்டுக்காரர் ஆசையாய் வாங்கிவைத்த சீலா மீன் இருந்தது; அதை ஆண்டவர் கையில் ஒப்படைத்தேன்.

ஜன்னலையெல்லாம் சாத்தி, அரை இருட்டில் அவன் வாசித்தான். தண்ணீர் மேல் எண்ணெய்ச் சொட்டு விரிவதுபோல ஒவ்வொரு சுரமும் மெல்ல விரிந்து, விளிம்பு மங்கி, இல்லாமல் போவதைக் கேட்டேன். எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். அது அமைதியாய் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பையன் வெளியே வந்து சட்டையைப் பிழிந்தான்.

"சத்தம் போயிட்டு ஆன்ட்டி. இன்னொரு பாட்டு வாசிச்சா நானும் போயிருவேன்."

முளைக்காத விதை

எல்லாவற்றையும் அணைத்தும் மிச்சம் இருந்த முனகலுக்கு ரோஷன் ஃபோனில் ஒரு காரணம் சொன்னான்: எர்த் சரியில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து பார்த்தார். உப்புக் காற்று எர்த் கம்பியைத் தின்றுவிட்டிருந்தது. பின்பக்கம் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, கம்பியை இறக்கி மூடினார். மண் காயக் கூடாது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிப் போனார்.

காலை ஜெபம் முடிந்ததும் ஒரு குடம் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. மண் சொர்ரென்று உறிஞ்சும். வீட்டால் தாங்க முடியாத இரைச்சலையெல்லாம் இந்த ஈரம் கீழே வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என்னால் தாங்க முடியாததையும் அப்படியே சொல்லி ஊற்றுவேன்: இன்று அவன் எந்தக் கடலில் இருக்கிறானோ, சாப்பிட்டானோ. கண்ணை மூடி நின்றால் குழிக்குள் தண்ணீர் இறங்குவது தூரத்து அலை மாதிரி கேட்கும். இதையெல்லாம் மதில் மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்த பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்கா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"ஏளா, நீயும் மாசக்கணக்கா ஊத்துதியே, ஒரு இலயக்கூடக் காணுமே. அப்படி என்னதான் வெத போட்ட?"

கிடாருக்குள் ஒரு குரல்

விளாத்திகுளத்திலிருந்து ஒரு டீச்சர் பொண்ணு வருவாள். பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து, கிடாரை முதுகில் போட்டுக்கொண்டு வந்துசேர பொழுது சாய்ந்துவிடும். ஒருநாள் கிடாரை ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டுவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அறையில் நான் மட்டும். கிடார் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் மிக மெதுவாக ஏதோ வாசிக்கிறது. வார்த்தை பிடிபடவில்லை. பிறகு பெண்கள் சேர்ந்து பாடினார்கள், கரையிலிருந்து விலகிப்போகிற படகில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் மாதிரி. நான் சிலுவை போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றுவிட்டேன். பயமில்லை. யாரோ என்னைக் கூப்பிடாமல் கூப்பிட்டதுபோல இருந்தது.

அவள் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். கிடார் வயர் நீளமாக இருந்தால் ஏரியல் மாதிரி ரேடியோவைப் பிடித்துவிடுமாம். ரோஷன் சொன்னபடி நல்ல உறை போட்ட குட்டை வயர் வாங்கி மாட்டினோம். குரல் போய்விட்டது. வேலை சுத்தமாயிற்று. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் இத்தன நாள் தப்புத்தப்பா வாசிச்சது அவங்களுக்கும் கேட்டிருக்குமோ?"

மாதாவுக்கு முதுகு

ஒரு பெரியவர் வந்தார். பழைய கச்சேரிக்காரர், அவரைப்போலவே பழைய கிடார். அந்த மாதிரிக் கிடாரில் ஒரு விசேஷம்: நாற்காலியோடு கொஞ்சம் திரும்பினால் இரைச்சல் ஏறும், இன்னும் கொஞ்சம் திரும்பினால் இறங்கும். அவரும் ரேடியோ திருகுவதுபோல உடம்பையே திருகிப் பார்த்தார். கிடாரைத் தூக்கிக்கொண்டு குட்டை வயர் எட்டுகிற மட்டும் நடந்தும் பார்த்தார். ஜன்னல் பக்கம் போனால் முனகல். திறந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவரில் தெரிகிற மாதா படத்துக்கு நேராக வந்தால் ஓலம். படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு இருந்தது. ரோஷன் கப்பலேறிய அன்று போட்டது, நான் அணைத்ததே இல்லை. பெரியவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நாற்காலியை அங்கே இங்கே நகர்த்தினார், எந்தப் பக்கமும் சரியில்லை என்பதுபோல. இப்படியே திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பதறியது.

அவன் வருவதற்காக ஏற்றிய விளக்கு, அவன் வருவதற்காகக் காக்கிற அறையைக் கெடுக்கிறது. நான் படத்தின் முன்னால் போய் நின்றேன். தாயே, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள், நீயும் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பினவள்தானே என்று சொல்லி சுவிட்சை அணைத்தேன். ஓலம் அறுந்தது. அந்த இருட்டில் படம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்ததாக எனக்குப் பட்டது. கண் பழகியதாகவும் இருக்கலாம். பெரியவர் நிம்மதியாக உட்கார்ந்து கம்பியைத் தடவினார்.

"அந்தச் சத்தம் அடங்குற திசை எனக்கு முதல்லயே தெரிஞ்சிட்டும்மா. மாதாவுக்கு முதுகக் காட்டி உக்காரணும், அதுக்குத்தான் மனசு வரல."

சட்டைப்பையில் துடித்தது

காண்ட்ராக்ட் முடிந்து ரோஷன் வந்தான். கறுத்து, கொஞ்சம் மெலிந்து. ரெண்டு நாள் தூங்கினான். அடுத்த கப்பலுக்குக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடும், கூப்பிட்டால் உடனே சரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மீன் கழுவிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பின்னறைக்குப் போனான். நாற்காலியைத் தடவினான், குட்டை வயரைப் பார்த்துச் சிரித்தான், கிடாரை எடுத்தான். நான் பழக்கத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன அழகாய் ஆரம்பித்தான். அதற்குள் 'டிக்டிக்டிர்ர்' என்று ஒரு சத்தம். மறுபடி வாசித்தான், மறுபடி 'டிர்ர்'. எர்த்தைப் பார்க்கவா என்றான். எனக்கு அது என்ன என்று தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் ஃபோனை அடுக்களையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது என் சட்டம். இவன் சட்டைப்பையில் அது சிக்னலைத் தேடித் தேடித் துடிக்கிறது.

சொன்னேன். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இது கம்பெனி ஃபோனும்மா" என்றான். நான் சும்மா கையை நீட்டினேன். என் கையைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தான்.

அடுக்களை மேடையில் வைத்துவிட்டு நான் திரும்பும்போது பின்னறையில் பாட்டு நடுவழியில் இருந்தது. ஃபோன் அடித்தது. பதிவு நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. அதுவும் என் சட்டம்தான். ஃபோனை எடுத்துக்கொண்டு சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கையில் அது துடிக்கிறது, கதவுக்குப் பின்னால் என் பிள்ளை வாசிக்கிறான். ஆண்டவரே, திறக்கவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். ஒருதரம் நின்று மறுதரம் அடித்தது. பிறகு ஓய்ந்துவிட்டது. கடைசி சுரம் அடங்கி, கதவைத் திறந்தவனிடம் கம்பெனிதான், ரெண்டு தடவை அடித்தது என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு அலமாரியின் மேல் கவிழ்த்து வைத்தான்.

"அடிக்கட்டும்மா. நீ உள்ள வா, இரைச்சல் இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

அந்தக் கப்பல் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டில் இப்போது பாதி நாள் ஃபேன் ஓடுவதில்லை, பிரிட்ஜ் ஓடுவதில்லை, மகனும் எங்கேயும் ஓடுவதில்லை.