செத்த சாவியோட பஞ்ச்கனி போன கதை

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். பூனா கட்கில எங்க தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேணும்னு செயலாளர் அண்ணன் மூணு தடவ கேட்டாரு. நான் எட்டாவது ஃபெயிலு, அதுவும் மராட்டி மீடியம். தமிழ் எழுத்து எங்கப்பா படிக்கிற பேப்பர எட்டி எட்டி பாத்து கத்துக்கிட்டது. நாலு பேர் சிரிப்பாங்க, விடுங்கண்ணேன்னு சொன்னேன். ஆனா அந்த ஞாயித்துக்கெழமைல இருந்து எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டே கீது. எழுதி இறக்கி வச்சா ஆறுதான்னு பாக்கறேன். ஆறலன்னா அடுத்த திட்டு செயலாளருக்குத்தான்.

2009 டிசம்பர், முதல் ஞாயிறு. காலைல ஆறே முக்கால், விமான் நகர். நான் ஆக்டிங் டிரைவர். டிரைவர் இல்லாதவங்க கூப்பிட்டா போய் ஓட்டிக் குடுத்துட்டு வர்றவன். அன்னிக்கு கூப்பிட்டது ஒரு கோயம்புத்தூர்காரரு, கம்ப்யூட்டர் கம்பெனில மேனேஜரு. கார் வந்து மூணு நாள்தான் ஆச்சு. சீட்டு மேல பிளாஸ்டிக் கவர கூட கிழிக்கல. உக்காந்தா அப்பளம் உடைக்கிற சத்தம்.

சாவின்னு ஒண்ண கைல குடுத்தாரு. அது சாவியே இல்ல. கறுப்பா, தீப்பெட்டி சைசுல ஒரு ரிமோட்டு. பாக்கெட்ல இருந்தா போதும், கதவு தானா தெறக்கும். உள்ள சாவி போட ஓட்டையே இல்ல, ஒரு பட்டன அமுக்குனா இஞ்சின் ஓடுது.

"ஏந்தம்பி, பூஜை அன்னிக்கு எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனதோட சரி, இந்த மாதிரி வண்டிய தூரமா ஓட்டியிருக்கியா?"ன்னாரு.

"பட்டன் அமுக்கறதுக்கு லைசென்ஸ் வேணுமா சார்? எங்கூட்டு மிக்ஸி கூட இப்படித்தான் ஓடுது"ன்னேன். மேடம் சிரிச்சாங்க. சார் சிரிக்கல. கிளம்பறதுக்கு முன்னால கேட்டு வாட்ச்மேன பயமுறுத்த ரெண்டு மூணு தடவ ரிமோட்ட அமுக்கி 'கீங் கீங்'னு காட்டினேன். அது உண்மைதான், மறைக்கல.

எதுக்கு போறோம்னு சொல்லிடறேன். அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஒம்பது வயசு. ஜூன்ல பஞ்ச்கனில ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துட்டாங்க. பெத்தவங்க பாக்கறதுக்கு மாசத்துல ஒரே நாளு, முதல் ஞாயிறு, பத்து மணில இருந்து ஒரு மணி வரைக்கும். ஒண்ணு அடிச்சா கேட்ட சாத்திடுவாங்க. போன மாசம் சாருக்கு ஆபீஸ் வேலை, போகல. ஆக ரெண்டு மாசமா மேடம் பொண்ண பாக்கல. நாலு மணிக்கு எந்திரிச்சு அரிசியும் பருப்பும் சாதம் பண்ணி, நெய் ஊத்தி, டப்பால கட்டி மடிலயே வச்சிருந்தாங்க. புதுக் கார்ல நெய் வாசன ஏறுதுன்னு சார் அத டிக்கில வைக்க சொன்னாரு.

நூத்திப்பத்து கிலோமீட்டர். கட்ரஜ் தாண்டி, ஷிர்வள்ல ஒரு டீ, கம்பாட்கி காட்ங்கற மலைப்பாதை ஏறி எறங்கினா சுரூர். அங்க ஹைவேய விட்டு ரைட் எடுத்து ரெண்டு பக்கமும் ஆலமரமா இருக்கற ரோட்ல போனா வாயி. வாயிங்கறது ஊரு பேரு, சிரிக்காதீங்க. கிருஷ்ணா ஆத்தங்கரைல கல்லுப் படிக்கட்டு, பெரிய வயிறு வச்ச பிள்ளையார் கோயிலு. அங்கருந்து பசர்ணி காட் ஏறினா பன்னெண்டே கிலோமீட்டர்ல பஞ்ச்கனி. நாங்க வாயி போய் சேர்ந்தப்ப மணி ஒம்பது இருவது. நிறுத்தாம போயிருந்தா பத்து மணிக்கு கேட்டு தெறக்கறப்ப முதல் காரு நாங்கதான்.

"புது வண்டி. பிள்ளையார் கோயில தாண்டிப் போகக் கூடாது. ஒரு தேங்கா உடச்சிட்டு போயிரலாம்"ன்னாரு சார்.

"ஏனுங்க, வெள்ளிக்கெழமதான் பூஜ போட்டோமே. திரும்பறப்ப பாத்துக்கலாமுங்க"ன்னு மேடம் சொன்னாங்க.

"அஞ்சு நிமிசம்."

அந்த அஞ்சு நிமிசம் அரை மணி நேரம் ஆச்சு. திரும்பி வந்து கைப்பிடிய இழுக்கறேன், கதவு வரல. ரிமோட்ட அமுக்கறேன், சத்தம் இல்ல. வேட்டில தொடச்சிட்டு சார் அமுக்கினாரு, மேடம் அமுக்கினாங்க. பொணம் மாதிரி கெடக்குது. சாப்பாட்டு டப்பா, மேடம் பர்சு, தண்ணி பாட்டிலு, எல்லாம் உள்ள.

"என்னத்தப் பண்ணினே?"ன்னு சார் என் மேல பாஞ்சாரு.

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"காலைல வாட்ச்மேன்கிட்ட வெளையாடினே பாத்தேன். பேட்டரிய தீத்துட்டே."

"மூணு தடவ அமுக்கினா தீர்ந்து போற பேட்டரின்னா, அத வித்தவன திட்டுங்க சார்."

இன்னொரு சாவி எங்கன்னு கேட்டேன். பத்திரமா இருக்கட்டும்னு விமான் நகர் வீட்டு பீரோல வச்சு பூட்டி, பீரோ சாவிய மேடம் பர்சுல போட்டிருக்காரு. பர்சு எங்க? கார் உள்ள. இந்த மாதிரி பத்திரத்த நான் எங்கயும் பாக்கல.

பத்து மணி. கார் வித்த கம்பெனி ஹெல்ப்லைனுக்கு போன் போட்டாரு. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, நடுவுல பாட்டு வேற. கடைசில ஒருத்தன் வந்து பூனாவுல இருந்து வண்டிய தூக்கறதுக்கு ஆள் அனுப்பறோம், மூணு மணி நேரம் ஆவும்னான். அதுக்குள்ள எங்கள சுத்தி இருவது பேரு. காய் ஜாலா, என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தன் ரிமோட்ட தாடைக்குக் கீழ வச்சு அமுக்குன்னான். சார், அவ்ளோ பெரிய மேனேஜர், நடு ரோட்ல தாடைக்கு கீழ வச்சு வானத்த பாத்துக்கிட்டு அமுக்கறாரு. எனக்கு சிரிப்பு அடங்கல. தேங்கா விக்கிற அம்மா பாத்துட்டு, கண்ணாடிய ஒடங்கன்னு மராட்டில சொல்லி ஒரு தேங்காயவே நீட்டுச்சு. சார் காருக்கு முன்னால ரெண்டு கையும் விரிச்சு நின்னுட்டாரு.

மேடம் யாரையும் பாக்கல. கண்ணாடி வழியா உள்ள டேஷ்போர்டு கடிகாரத்த மட்டும் பாத்துக்கிட்டு நின்னாங்க.

பத்தே முக்காலுக்கு மேல எனக்கு பொறுக்கல. "சார், பஸ் ஸ்டாண்டு அஞ்சு நிமிச நடை. பஞ்ச்கனிக்கு பஸ் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் ஏறிப் போங்க. நான் வண்டிகிட்ட நிக்கறேன்"ன்னேன்.

சார் என்ன ஒரு பார்வ பாத்தாரு. மேல இருந்து கீழ வரைக்கும். அப்புறம், "வேண்டாம். வண்டிய உட்டுட்டு நான் எப்படி வர்றது"ன்னு மேடம்கிட்ட சொன்னாரு. என்கிட்ட சொல்லல.

எனக்கு புரிஞ்சிடுச்சு. இங்கதான் எரியுது. கதவு தெறக்கல. இஞ்சின் ஓடல. பூட்டி கெடக்கற ஒண்ணேகால் டன்னு இரும்ப நான் எங்கய்யா திருடிட்டுப் போறது? தலைல தூக்கி வச்சுக்கிட்டு கம்பாட்கி காட் எறங்குவனா? கேக்கலாம்னு வாயத் தெறந்தேன். மேடம் முந்திக்கிட்டாங்க.

"தம்பி, பஸ் எங்க நிக்குமுங்க?"

"கொஞ்சம் பொறு, இப்ப சரியாயிடும்"ன்னாரு சார்.

"நீங்க காருக்கு காவல் இருங்க. நான் எம் புள்ளயப் பாக்கப் போறேன்."

அவங்க சத்தமா பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவதான். சார் சட்டப்பைல இருந்து நூறு ரூபா எடுத்துக் குடுத்தாரு. நான் ஸ்டாண்டு வரைக்கும் கூட ஓடினேன். பதினோரு மணி பஸ்ஸு, செவப்பு எஸ்டி, கவர்மெண்டு வண்டி, டிக்கெட்டு பத்து ரூபா. உக்கார எடம் இல்ல. கோழிக் கூடை வச்சிருந்த ஒரு ஆளுக்கு பக்கத்துல கம்பிய புடிச்சு நின்னாங்க. கையில ஒண்ணும் இல்ல. "சாப்பாடு உள்ளயே கெடக்குதுங்களே தம்பி"ன்னு ஜன்னல் வழியா சொன்னாங்க. "கொண்டாந்து சேத்துடறேன் மேடம்"னு வாக்கு குடுத்துட்டேன். வாக்க சும்மா குடுக்கறது எனக்கு பழக்கம். அன்னிக்கு மட்டும் நெஜமாவே குடுத்தேன்.

பதினொன்னரைக்கு மாரி போன் பண்ணான். மாரி என் சேக்காளி, வாகட்ல ஒரு கார் ஷோரூம்ல வண்டி கழுவறான். நான் ஒம்பது தடவ அடிச்சேன், தூங்கிட்டு இருந்திருக்கான் நாயி.

"டேய் பாபு, ரிமோட்டு அடில ஒரு சின்ன கொக்கி இருக்கும். தள்ளிப் புடிச்சு இழு. உள்ள இரும்பு சாவி ஒண்ணு இருக்கும். டிரைவர் கதவுல ஓட்டை இருக்கும் பாரு, அதுல போடு."

தள்ளினேன், இழுத்தேன். சாவி வந்துச்சு. சாவியோட கூட மஞ்சளா ஒரு சொட்டு தண்ணியும் வந்துச்சு.

நகத்தால ரிமோட்ட ரெண்டா பொளந்தேன். உள்ள பேட்டரி மேல சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்கு, ஓரத்துல குங்குமம் சேறு மாதிரி. பச்ச பச்சயா துரு. அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. வெள்ளிக்கெழம பூஜைக்கு எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தி எறக்க என்னத்தான் கூப்பிட்டாங்க. அய்யரு சாவிக்கு மேல ஒரு பொட்டுதான் வச்சாரு. சார்தான் ஆரத்தித் தட்ட வாங்கி, 'சாவியும் நனையட்டும் சாமி'ன்னு மஞ்சத் தண்ணிக்குள்ள முக்கி வச்சாரு. சூடம் அணையற வரைக்கும் அது உள்ளயே ஊறிக் கெடந்துச்சு. அவங்கப்பா டிராக்டர் சாவிய அப்படித்தான் முக்குவாராம். டிராக்டர் சாவி இரும்பு. அதுக்கு மஞ்சத் தண்ணி ஒண்ணும் பண்ணாது.

ரெண்டு பாதியையும் அவரு கைல வச்சேன். "நான் வெளையாடினதா சார் இது?"ன்னேன்.

பாத்தாரு. மோந்து பாத்தாரு. "செரி, கதவத் தொற"ன்னாரு. அவ்ளோதான்.

தெறந்தேன். தெறந்த உடனே கார் ஊளையிட ஆரம்பிச்சுது. திருடன் வந்துட்டான்னு நெனச்சிடுச்சு. அதுவும் என்னத்தான் சந்தேகப்படுது! ஆத்துல குளிச்சுக்கிட்டு இருந்தவங்க ஈரத்தோட படிக்கட்டு ஏறி வந்துட்டாங்க. பட்டன அமுக்குனா சாவி இல்லன்னு எழுத்து வருது. சார் டேஷ்போர்டுல இருந்து புக்க எடுத்தாரு. இங்கிலீஷு, நானூறு பக்கம். எனக்கு படிக்க தெரியாது. அவரு முதல் பக்கத்துல இருந்து படிக்கறாரு! சீட் பெல்ட்டு எப்படி போடறது, கொழந்தைய எங்க உக்கார வைக்கறது, எல்லாம். "சார், சாவி பக்கத்துக்குப் போங்க சார்"னு கத்தினேன். ஊளைல அவருக்கு கேக்கல. ஆபீஸ்ல இப்படித்தான் படிப்பாங்க போல, ஒரு வரிய விடமாட்டாங்க.

பன்னெண்டு இருவத்தஞ்சுக்கு அந்தப் பக்கம் வந்துச்சு. பேட்டரி செத்தாலும் பரவால்ல, ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்ட வச்சுப் புடிச்சுக்கிட்டு அமுக்கணும். ரெண்டு பாதியையும் சேத்துப் புடிச்சு வச்சேன். ஊளை நின்னுச்சு. இஞ்சின் ஓடிச்சு. சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க.

பசர்ணி காட் இருக்கே, வேற நாள்னா நான் நாலு வரி அழகா எழுதியிருப்பேன். கீழ வயலு பச்சப் பாய் மாதிரி விரிஞ்சு கெடக்கும், தோம் அணைத் தண்ணி மினுங்கும், வளைவுக்கு வளைவு ஸ்ட்ராபெரி டப்பா இருவது ரூபான்னு நீட்டுவாங்க. அன்னிக்கு நான் பாத்ததெல்லாம் முன்னால போன டூரிஸ்ட் பஸ்ஸோட பின்பக்கம். மகாபலேஷ்வர் போற கூட்டம், மலை முழுக்க ஜாம். பன்னெண்டு கிலோமீட்டருக்கு நாப்பத்தஞ்சு நிமிசம். சார் வாட்ச்ச பாத்தாரு, முட்டிய தட்டினாரு.

ஒண்ணு பத்து. கேட்டு சாத்தியாச்சு. மேடம் வெளிய செவுத்து மேல உக்காந்திருந்தாங்க, கண்ணு செவந்து. ஒரு மணி நேரந்தான் பாத்திருக்காங்க. பல்லு ஒண்ணு விழுந்திருக்காம். "அப்பா எங்கன்னு கேட்டா. காருக்கு காவல் இருக்காருன்னு சொன்னேன்"னாங்க. அவ்ளோ மெதுவா சொன்னாங்க. அதுக்கு திட்டியே இருக்கலாம்.

நான் டிக்கிய தெறந்து டப்பாவ எடுத்துக்கிட்டு வாட்ச்மேன்கிட்ட போனேன். ஹிந்தில கெஞ்சினேன், மராட்டில கெஞ்சினேன். வாக்கு குடுத்துட்டேன் அண்ணேன்னேன். வெளிச் சாப்பாடு ஒரு மணிக்கு மேல உள்ள போகாதுன்னுட்டான்.

அப்ப பொண்ணுங்க வரிசையா சாப்பாட்டு ஹாலுக்கு போறாங்க. எல்லாம் ஒரே நீல ஸ்வெட்டரு. "நம்ம பாப்பா, பின்னாடி இருந்து நாலாவது"ன்னு மேடம் கை காட்டினாங்க. சார் கேட்டு கம்பிய புடிச்சுக்கிட்டு எக்கி நிக்கறாரு. கூப்பிட கூச்சம், அவ்ளோ பேரு முன்னால. பொண்ணு முதுகுதான் தெரியுது. இன்னும் பத்தடி போனா அதுவும் தெரியாது.

நான் ஓடிப் போய் காரு ஹாரன்ல கைய வச்சு எடுக்கவே இல்ல.

வரிசை மொத்தமும் திரும்புச்சு. பின்னாடி இருந்து நாலாவது புள்ளயும் திரும்புச்சு. கேட்ட பாத்துச்சு. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுச்சு, விழுந்த பல்லு தெரியற மாதிரி சிரிச்சுச்சு. சாரும் கைய தூக்கினாரு. அப்புறம் டீச்சர் வந்து வரிசைய தள்ளிட்டுப் போயிட்டாங்க. வாட்ச்மேன் என்ன அடிக்க வந்தான்.

சார் திரும்பி வந்து கதவ சாத்தினாரு. மூக்க உறிஞ்சினாரு. "ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குதுல்ல, படிக்கத் தெரியாதா?"ன்னாரு.

"தெரியாது சார், இங்கிலீஷு"ன்னேன்.

அரிசியும் பருப்பும் சாதத்த திரும்பறப்ப யாரும் தொடல. வாயிலயும் நிறுத்தல, ஷிர்வள்லயும் நிறுத்தல. இஞ்சின் அணைஞ்சா மறுபடி எந்திரிக்குமோன்னு பயம். நாலு மணிக்கு விமான் நகர்ல எறக்கிட்டு பஸ் புடிச்சேன். கட்கி ஃபேக்டரி கேட்டுல ஞாயிறு ஓவர்டைம் ஷிஃப்ட்டு விடற நேரம். ஐநூறு சைக்கிளு, ஐநூறு சின்ன சாவி. ஒவ்வொருத்தனும் இடுப்பு கவுறுல இருந்து சாவிய உருவி, தொறந்து, பொண்டாட்டி புள்ளைய பாக்க மிதிச்சுக்கிட்டு போறான். எங்கப்பாவும் அதுல ஒருத்தரு. முப்பது வருசத்துல அந்த சாவி ஒரு நாள் கூட ஒரு புக்கு படிக்க சொன்னதில்ல.

நேத்து சார் போன் பண்ணாரு. "தம்பி, அடுத்த முதல் ஞாயிறு. ஆறு மணிக்கு வந்திரு. இந்த தடவ எங்கயும் நிறுத்த வேண்டாம்"ன்னாரு. திருடன மாதிரி பாத்ததுக்கு ஒரு வார்த்த இல்ல. பேட்டரிய நான் தீர்க்கலன்னு ஒரு வார்த்த இல்ல. பாக்கறேன் சார்னு வச்சுட்டேன்.

மாரிகிட்ட போய் கத்தினேன். போவமாட்டேன்டா, அந்த ஆளு வந்து மன்னிச்சுக்கோன்னு சொன்னாதான் ஸ்டியரிங்க தொடுவேன், இல்லன்னா அவரே ஓட்டிக்கிட்டு போவட்டும், புக்க மடில வச்சுக்கிட்டு போவட்டும்னேன். மாரி யாரோ ஒருத்தரோட வண்டி டயர தேச்சுக்கிட்டே, நிமிந்து கூட பாக்காம சொன்னான்:

"கோவத்த வீட்ல வச்சுட்டுப் போடா, அந்தப் புள்ள பத்து மணிக்கே கேட்டுகிட்ட வந்து நிக்கும்."