காக்கையிடம் மன்னிப்பு கேட்டவர்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாட்ச்மேனுக்கு ஆறடி உயரம், முறுக்கு மீசை. ஆனாலும் ஒரு காக்கைக்குப் பயந்து நாள் முழுதும் குடை பிடித்தபடியே நிற்பார். கேமராவை மறைத்த அதன் கூட்டை அவர் கலைத்ததிலிருந்து, அது அவர் தலையை மட்டும் தேடி வந்து கொத்தியது.

ஒரு காலை என்னைத் துணைக்கு அழைத்துப்போய், மதில்மேல் மசால்வடையை வைத்துக் கைகூப்பினார்.

"மேனேஜர் சொல்லித்தான் கலைச்சேன் தாயீ. பேஜாரு பண்ணாத, உட்டுடு."

காக்கை வடையைத் தின்றது. பிறகு பறந்து வந்து என் மண்டையில் ஒரு கொத்து கொத்தியது.

வாட்ச்மேன் பதறிப்போனார். "ஐயோ, இவரு இல்ல தாயீ! அவரு பத்து மணிக்கு வெள்ளைக் கார்ல வருவாரு!"

காக்கையிடம் இத்தனை மரியாதையாகக் கோள் சொன்ன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.