அழுத்தம் விழுந்த இடம்

தனியார் கப்பல் ஒன்றில் அறிவிப்பாளர் வேலைக்குப் பெண் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் சென்னையில் கான்வென்ட்டில் படித்தவர். நான் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஆங்கிலம் வாசிப்பேன், நீளமான சொல் வந்தால் நாக்கு தடுக்கும்.

நானே சொல்லித் தருகிறேன் என்றார். தனக்கு அந்த வேலை ஒத்து வராது என்றும் சொன்னார்.

வேலை முடிந்து சாத்தம் படகுத்துறையிலிருந்து இருவரும் ஒரே ஃபெரியில் திரும்புவோம். அதுதான் வகுப்பு. சொல்லை அசை அசையாகப் பிரித்து, அசைக்கொரு முறை ஃபெரியின் கைப்பிடிக் கம்பியில் விரலால் தட்டுவார். அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. 'ஃபொ-டா-க்ர-ஃபி'க்கு 'டா'வில் அடி. கப்பலிலிருந்து இறங்குவதைச் சொல்லும் 'டிஸ்-எம்-பார்-கே-ஷ'னுக்கு முதல் அசையில். சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேர்முகத்துக்குப் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். வீட்டில் கட்டாயப்படுத்தினார்களாம். அதையும் நம்பினேன்.

அறிவிப்பு ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடித்ததும் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த கேப்டன், "ஆவாஸ் அச்சா ஹை" என்றார். குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் கப்பல் சொற்களில் அழுத்தம் எல்லாமே இடம் தப்பி விழுகிறது, பயணிகளுக்குப் புரியாது என்று இந்தியில் பொறுமையாக விளக்கினார்.

வேலை அக்காவுக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, படித்த சொற்களை ஒவ்வொன்றாக போனில் ஒலிக்கவிட்டுக் கேட்டேன். ஃபொடாக்ரஃபி சரி. காய்கறி, பள்ளிக்கூடம் பற்றிய சொற்களெல்லாம் சரி. கப்பலில் ஏறுவது, இறங்குவது, தங்குமிடம், அவசரம்: இவை மட்டும் தப்பு. 'டிஸ்'ஸில் அல்ல, 'கே'யில்தான் அடி விழ வேண்டும்.

மறுநாள் வாசலில் நிறுத்திக் கேட்டேன். "அக்கா, தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னீங்களா?"

செருப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "எனக்கும் அந்த வேலை வேணும்ல" என்றார்.

சொல்லித்தர மாட்டேன் என்றிருந்தால் ஒரு நாள் வருந்திவிட்டுப் போயிருப்பேன். அன்று மாலை அவர் கொடுத்தனுப்பிய மீன் குழம்பைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன்.

இப்போது வேறொரு கப்பல் அலுவலகத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். வேலை கைவிட்டுப் போனது ஆறிவிட்டது. நான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் "அப்படித்தான், இன்னொரு தடவை சொல்லு" என்று சிரித்த அந்த முகம்தான் இன்னும் ஆறவில்லை.