மூடியின் உள்பக்கம்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றிக் கணினி பழுது பார்ப்பேன். வேலை கெட்டுப்போனால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். காஜா பேராங் என்ற ஊரில்தான் அது நடக்கவில்லை.

மெர்டேக்கா, அதாவது நாடு சுதந்திரம் வாங்கிய காலத்துத் தகரக்கூரை வீடு. சரளா அக்காவுக்கு மூன்று மணிக்கு இணையத்தில் கல்லூரித் தேர்வு. கணினியில் தூசி தட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் கேட்காமலே, கணினியை இயக்கித் தொடங்கும் மென்பொருளான மதர்போர்டின் பயோஸையும் புதுப்பித்தேன். அதில் பழைய அமைப்புகள் அழிந்துவிட்டன. பிராசஸர் முழு வேகத்தில் ஓடி, வெப்பம் நூறு டிகிரியைத் தொட்டதும் கணினி அணைந்தது. மறுபடி போட்டேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது. மணி இரண்டு.

"கடையில ஒரு சாமான் வாங்கிட்டு வந்திடறேன்கா."

அக்கா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "சாமான் வாங்க பை எதுக்கு தம்பி? வெச்சிட்டுப் போங்க லா."

வேறு வழி இல்லாமல் பையைக் கீழே வைத்தேன். சட்டை முதுகில் ஒட்டியது. அக்கா சிங்கப்பூரில் வேலை செய்யும் தன் கணவருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். செய்ததைச் சொன்னேன்.

"அந்த ரூம் சூட்டுக்குத்தான் பிராசஸர் வேகத்தைக் குறைச்சு வெச்சிருந்தேன். எல்லாம் எழுதி மூடி உள்பக்கம் ஒட்டியிருக்கேனே, பார்க்கலையா?"

காலையில் கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தவனே நான்தான். திருப்பினேன். தாள் இருந்தது. அதிலிருந்த எண்களைப் பதித்ததும் வெப்பம் எழுபதில் நின்றது.

அக்கா வாசல் நாற்காலியைக் கணினி முன்னால் இழுத்துப் போட்டுத் தேர்வு எழுதினார். வாசல் திறந்தே கிடந்தது. முடியும்வரை நான் போகவில்லை. முன்பு பாதியில் விட்டு வந்த வீடுகளில் எத்தனை மூடிகளைத் திருப்பாமல் வந்தேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.