ஒருத்தராவது கெட்டவராக வேண்டும்

மட்டக்களப்பில் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவன் நான். கலியாணம் கட்ட இரண்டு நல்லவர்கள் போதும், பிரிக்கத்தான் ஒரு கெட்டவர் கட்டாயம் வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கோட்டுப் படி ஏறிச் செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இது புதிசில்லை. சண்டைக் காலத்தில் அந்தக் கெட்டவரைத் தேடி நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்களன்.

சேர்ந்து வந்தவர்கள்

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து யோகனும் அவன் பெண்சாதி மலரும் வந்தார்கள். வாவியைத் தோணியில் கடந்து, ஆமிச் சென்றியில் சோதனைக்கு இறங்கி நடந்து, மிச்சத் தூரம் ஒரே சைக்கிளில். முற்றத்தில் விளையாடிய அவர்களின் ஒரே பிள்ளை செல் குண்டு விழுந்து செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை மற்றவரால் பார்க்க முடியவில்லை. "என்னைக் காணக் காண அவளுக்குப் பிள்ளைதான் கண்ணுக்குள்ள நிக்கிது. அவள் வேற கட்டிப் பிழைக்கட்டும் ஐயா" என்றான் யோகன்.

ரெண்டு பேரும் விரும்பினால் மட்டும் போதாது, ஒருத்தரில் பிழை வேண்டும் என்று எங்கள் சட்டத்தரணி ஐயா விளக்கினார். வேறு தொடுப்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கவேண்டும், அதுவும் இல்லாவிட்டால் கட்டும்போதே தாம்பத்தியத்துக்கு இயலாதவராக இருந்திருக்கவேண்டும். மலர் பதறிப்போய்ச் சொன்னாள்: "தொடுப்பெண்டு மட்டும் எழுதாதீங்க ஐயா, அவர் அப்பிடிப்பட்ட ஆளில்ல."

விட்டுப் போகச் சொன்னோம்

அப்படியானால் விட்டுப் போனதுதான் வழி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவன். அவன் சாரனைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தோம். சொன்னபடியே தாய் வீட்டுக்குப் போனான். அந்த வீடோ தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தாகிவிட்டது. மச்சான்காரன் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் வட்டையில், வயலுக்கு நடுவே காவல் பரணில் போய்ப் படுத்திருக்கிறான். அதுவும் ஆமி ரோந்து போகிற இடத்தில்! எங்கள் கந்தோருக்கு வந்தபோது மனுசன் பாதியாக மெலிந்திருந்தான். வந்ததும் சொன்னான்: "போ எண்டு சொன்னீங்க, எங்க போறதெண்டு சொல்லல்லையே ஐயா."

அழைப்பாணை

அவன் விட்டுப் போனதாக மலரைக் கொண்டு வழக்குப் போட்டோம். யோகனுக்கு அழைப்பாணை கொடுக்கவேண்டிய உத்தியோகத்தரோ, சண்டை நடக்கிறபடியால் வாவிக்கு அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. யோகனே கோட்டுக்கு வந்து, கைநீட்டி அதை வாங்கிக் கும்பிட்டான். உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார்: "என்ன கிளாக்கர், காலமெல்லாம் ஒளியிற ஆக்களைத்தான் தேடித் திரிஞ்சன், ஓடிவந்து வாங்கிறவனை இண்டைக்குத்தான் காணுறன்."

சாட்சிக் கூண்டில்

'விட்டுப் போனவர் திரும்பியும் பார்க்கவில்லை' என்று சொல்லும்படி ஐயா மலருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீதிபதி கேட்ட முதல் கேள்வியே, போன பிறகு அவர் வீட்டுப் பக்கம் வந்தாரா என்பதுதான். பாவி, உண்மையைச் சொல்லிவிட்டாள். வேலி சரிந்தால் வந்து கட்டுவாராம். மீன் பட்டால் வாசல் படலையில் கொழுவிவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவாராம். ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அவளில் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

"அப்படியானால் அவர் உம்மைக் கைவிடவில்லையே. அவரில் பிழையில்லை, உம்மிலும் பிழையில்லை. பிறகு ஆரில்தான் பிழை?" என்று நீதிபதி கேட்டார்.

மலர் கூண்டின் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "செல்லடிச்சவனில ஐயா. அவனைக் கூப்பிட்டுக் கேளுங்க."

அவனைக் கூப்பிடச் சட்டத்தில் இடமில்லாதபடியால் வழக்கைத் தள்ளுபடி செய்து, முகத்துக்கு முகம் பார்க்க முடியாத அந்த இரண்டு பேரையும் சட்டப்படி புருஷன் பெண்சாதியாகவே அனுப்பி வைத்தோம்.